நண்டின் வயிற்றில் இருக்கும் பல்

நண்டுக்கு வயிற்றுக்குள் பல் இருக்கிறது. சொன்னால் எங்கள் ஊரில் நம்ப மாட்டார்கள். "பொம்பளப் புள்ள, கல்யாணம் காச்சி பண்ணாம நண்டு வயித்த நோண்டிக்கிட்டு இருக்கறயே சாமி" என்று பரமத்தி வேலூர் பஸ்ஸிலேயே கேட்டவர்கள் உண்டு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கேட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடுவேன்.

எண்பதுகளின் தொடக்கம். நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டே ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தேன். அந்தப் பற்களை அரைக்க வைப்பது முப்பது சொச்சம் நரம்பணுக்கள் சேர்ந்த ஒரு சின்ன முடிச்சு. தலைப்பக்கத்து நரம்போடு சேர்த்து வெட்டியெடுத்து உப்புத்தண்ணீரில் போட்டாலும் தாளம் தவறாமல் துடிக்கும். அந்த நரம்பையும் அறுத்துவிட்டால் துடிப்பு தளர்ந்து நின்றுபோகும். அப்போது புரக்டோலின் ஒரு சொட்டு விட வேண்டும். நரம்புகளே சுரக்கிற குட்டிப் புரதத் துண்டு அது, பெப்டைடு என்போம். விட்டால் மறுபடி துடிக்கும். வேறொரு பெப்டைடு விட்டால் அதே முடிச்சு வேறு தாளம் போடும். கழுவிவிட்டால் பழையபடி அடங்கிவிடும்.

வீட்டில் அப்பா மெல்லுவதையே மறந்துகொண்டிருந்தார். அங்கே நானும் அவரும் மட்டும்தான். ஞாபகமெல்லாம் தப்பிப்போன பிறகு, ஊட்டிய சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பார். கெஞ்சுவேன், எரிச்சலில் அதட்டியும் விடுவேன். பகலில் அவரைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா கடைசியில் சொல்லிவிட்டார்: "இப்படியே போனா ஆளு தாங்காது சாமி."

அன்று மத்தியானம் ஆய்வகத்தில் என் நண்டு முடிச்சு அசைவில்லாமல் கிடந்தது. சொட்டு விட்டேன். கொஞ்ச நேரத்தில் திரையில் கோடு எழும்பி எழும்பி விழுந்தது. சொல்லலாம் என்று திரும்பினால் அறையில் ஆளே இல்லை. அட்டெண்டர் டீ குடிக்கப் போயிருந்தார். எனக்கு அழுகைதான் வந்தது. நண்டுக்கு இருக்கிற மருந்து எங்கப்பனுக்கு இல்லை.

அறுக்காமல் மிச்சமிருந்த நண்டுகளைத் தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அப்பாவுக்கு நண்டுக் குழம்பு என்றால் உயிர். வெற்றிலைக் கொடிக்கால் வாய்க்காலில் வளைக்குள் கைவிட்டு அவரே பிடித்து வருவார். மிளகைத் தூக்கலாக அரைத்து வைத்தேன். கொதி வந்ததுமே உள்ளிருந்து அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிசைந்து ஒரு வாய் ஊட்டினேன். தாடை அசைந்தது. கொஞ்சம் நின்று, மறுபடி அசைந்தது. விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினார். அடுத்த வாயைப் பிசைந்தேன்.

பாதித் தட்டு காலியானபோது என் முகத்தைப் பார்த்தார். என்னை சாமி என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிட்டறியாதவர். பல மாதம் கழித்து அன்றுதான் பேசினார்.

"கொளம்பு நல்லா இருக்குதுங்க. எம்புள்ள காலேசுல இருந்து பசியோட வரும். அதுக்குக் கொஞ்சம் எடுத்து வெய்யுங்க."

"வெச்சிருக்கறனுங்க" என்றேன்.