மூடிய பாதையில் ஓடிய மூன்று வேகன்கள்

அந்தக் கிளைப் பாதையில் கடைசி ரயில் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் ரோட்டின் ரயில்வே கேட்டைத் திறந்து மூடும், ஊரார் கேட்டக்கா என்று கூப்பிடும் அவளை அங்கிருந்து மாற்றவில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்து முடிக்கும் வரை இரும்புச் சாமான்களைப் பார்த்துக்கொள் என்று சொல்லி விட்டுவைத்திருந்தார்கள். புருஷன் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து, பாதை வேலையில் இறந்தபோது கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. இருபத்திரண்டு வருடம் ரோட்டின் இரு பக்கக் கதவுகளையும் தள்ளித் தள்ளி, தோள் இரண்டும் ஆண்பிள்ளைத் தோளாகிவிட்டது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாளைக்கு ஆறு வண்டி. பால் கேன், மூட்டை முடிச்சு, பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்யாணக் கூட்டம் எல்லாம் அதில்தான். பிறகு தார் ரோடு வந்தது, பஸ் வந்தது. ஆறு நான்காகி, நான்கு இரண்டாகி, கடைசியில் ஒற்றைப் பெட்டியில் பதினோரு பேர் போனார்கள். ஒருநாள் ஸ்டேஷன் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அதோடு சரி.

அந்த பஸ்ஸை ஓட்டியவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

"நான் ஓட்டலேன்னா இன்னொருத்தன் ஓட்டப்போறான். என்மேல ஏன்கா கோவம்?" என்று கேட்டான். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. தினமும் காலையில் அவன் பஸ் கேட்டைக் கடக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அன்று காலை ஒன்பதரைக்கு கேட் அறையில் போன் அடித்தது. பாதையின் மேட்டுக் கோடியில் தண்டவாளம் பெயர்க்கும் ஆட்களின் மேஸ்திரி பேசினார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"அக்கா, மூணு வேகன் உருண்டு வருது. முழுக்க இரும்பு. சக்கரத்துக்குக் கட்டை குடுத்திருந்தோம், நழுவிடுச்சு."

"எப்ப?"

"இப்பதான். ஒரு நிமிஷம் ஆகல."

மேட்டு ஸ்டேஷனிலிருந்து கேட்டுக்கு எட்டு கிலோமீட்டர், அத்தனையும் இறக்கம். பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அவள் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ரயில் நின்றதிலிருந்து தண்டவாளத்துக்கு நடுவிலேயே காய்கறிக்காரர் தள்ளுவண்டியை நிறுத்தி வியாபாரம் செய்துகொண்டிருந்தார். "வண்டி வருது, தள்ளுங்க" என்றாள். அவர் சிரித்தார். அவளே தள்ளுவண்டியைப் பிடித்து இழுத்தாள். தக்காளி உருண்டது. அவள் கக்கத்தில் இடுக்கியிருந்த சிவப்புக் கொடியைப் பார்த்தபிறகுதான் அவர் சிரிப்பை விட்டுவிட்டுத் தானும் தள்ளினார்.

ஒரு பக்கக் கதவு மூடிக்கொண்டது. எதிர்ப்பக்கக் கதவு அசையவில்லை. ஐந்து மாத மழையில் கீல் துருவேறிப்போயிருந்தது. அவள் தோளைக் கொடுத்து முட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கமாகவே பஸ் வந்து நின்றது. படியில்கூட ஆள் தொங்கியது.

"ரயிலே இல்லாத பாதையில எதுக்குக்கா கேட்டு?" என்றான் தம்பி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி.

"வேகன் ஓடி வருது. பின்னால போ."

"என்மேல இருக்கிற கோவத்தை பஸ்ஸுல இருக்கிறவங்க மேல காட்டாத."

உள்ளே யாரோ, "அந்தம்மாவுக்கு ரயில் போனதுலேர்ந்து ஒருமாதிரி ஆயிடுச்சுப்பா" என்றார்கள். நாலு பேர் சிரித்தார்கள். பஸ் மெல்ல நகர்ந்தது. அவள் கதவை விட்டுவிட்டு பம்பருக்கு முன்னால் வந்து கொடியை விரித்தாள்.

"ஏத்திட்டுப் போடா."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். அத்தானின் உடலைக் கொண்டுவந்து இறக்கிய அன்று பார்த்த முகம் அது. பஸ்ஸைப் பின்னால் எடுத்து நிறுத்தி, குதித்து இறங்கி, அவள் பக்கத்தில் நின்று தோளைக் கொடுத்தான். மூன்றாவது முட்டில் கீல் கிரீச்சிட்டு விட்டுக்கொடுத்தது. அவள் பூட்டுப் போடவும் தண்டவாளம் முனகத் தொடங்கவும் சரியாக இருந்தது.

ஊதல் இல்லை, இன்ஜின் இல்லை. வளைவில் தெரிந்த மூன்று வேகன்களும் கண்மூடித் திறப்பதற்குள் கேட்டைக் கடந்து போய்விட்டன. புழுதியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

புழுதி அடங்கியதும் பேச்சு கிளம்பியது. "போயிடுச்சுல்ல, திறங்கம்மா."

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "திரும்பி வரும்."

"என்னது?"

"அங்கிட்டும் மேடு. இன்ஜின் இருந்தப்பவே முக்கி முக்கித்தான் ஏறும். இது பாதியில நின்னு பின்னால உருளும்."

யாரும் நம்பவில்லை. ஒரு நிமிடம் போனது. இரண்டு, மூன்று. பைக்கில் வந்த ஒருவர் பொறுமை இழந்து, கேட் ஓரத்து இடுக்கில் வண்டியை நுழைத்தார். முன்சக்கரம் தண்டவாளத்தைத் தொட்டபோது தம்பி பாய்ந்து பின்பக்கக் கம்பியைப் பிடித்து இழுத்தான். இருவரும் பைக்கோடு சாய்ந்து விழுந்தார்கள். அவர் திட்ட வாயெடுத்தார். அதற்குள் வேகன்கள் பின்புறமாக அவர் கண்ணெதிரே கடந்தன.

இன்னும் மூன்று முறை அப்படியே போய்ப் போய் வந்தன, ஒவ்வொரு முறையும் வேகம் குறைந்து. கடைசியில் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. கேட்டக்கா ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கீழே கருங்கல்லை முட்டுக்கொடுத்தாள். அதன்பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பாதி அவள் புடவையில்தான் சிந்தியது.

விசாரணைக்கு வந்த அதிகாரி, "கணக்குலேயே இல்லாத கேட்டை யாரைக் கேட்டு மூடினீங்க?" என்றார்.

"கேக்கிறதுக்கு அங்க யாரும் இல்லைங்க" என்றாள்.

அவர் பேனாவை எடுத்தார். அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் தண்டவாளமும் போனது, கதவுகளும் லாரியில் ஏறின. பெரிய பாதையில், ஒரு நாளைக்கு நாற்பது வண்டி போகும் ஒரு கேட்டுக்கு அவளை மாற்றினார்கள். அவளுடைய கட்டிலையும் இரண்டு டிரங்குப் பெட்டியையும் தம்பிதான் பஸ் மேலே ஏற்றிக் கட்டினான். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வளைவுக்கு வளைவு "மெதுவாப் போடா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவனும் மெதுவாகவே ஓட்டினான்.