பாதியில் நிறுத்தத் தெரிந்தவர்

போன செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசி மணி அடித்தது. என் மனைவிதான் எடுத்தாள். "வேணு சார் போயிட்டாராம்" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவரைப் போலவே நானும் வருடக்கணக்காக மாத நாவல் எழுதுகிறேன். என் கதைகளில் எத்தனையோ பேரைச் சாகடித்திருக்கிறேன். ஒருவருக்காகவும் அவள் கண் கலங்கியதில்லை. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். எங்கள் சேலையூர் வேணு செத்தும் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்.

அவர் கதை பண்ணிய விதம், தாம்பரம் - பீச் மின்ரயிலில் எங்களோடு வந்த உங்களுக்கெல்லாம் தெரியும். அவரும் நானும் பாரிமுனையில் வேறு வேறு அலுவலகங்களில் குமாஸ்தாக்கள். குரோம்பேட்டை தாண்டியதும் புதுக் கதையை ஆரம்பிப்பார். கோட்டை ஸ்டேஷன் வரும்போது கதாநாயகன் அறுந்துகொண்டிருக்கும் கயிற்றில் தொங்குவான். அவர் டிபன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். மறுநாள் தானாக வாய் திறக்கமாட்டார். யாராவது "அப்பால இன்னா ஆச்சு சார்?" என்று கேட்டால்தான் அந்தக் கதையை எழுதுவார். கேட்காவிட்டால் தலைமுழுகிவிடுவார். "பசிக்காதவனுக்கு இலை போடக் கூடாது சார்" என்பார். நீர்மூழ்கிக் கப்பலில் நடக்கும் அருமையான கதை ஒன்றை அப்படித்தான் கைவிட்டார். எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. மானம் தடுத்துவிட்டது.

ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது அவருடைய ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கதை சொன்னேன். பாலைவனம், புதையல், துரோகம் என்று எதிலும் குறை வைக்கவில்லை. நல்ல இடம் பார்த்து நிறுத்தினேன். மறுநாள் காலை எதிரே உட்கார்ந்திருந்த பழக்கடைக்காரர் என் பக்கம் ஆவலாகக் குனிந்தார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தயாரானேன்.

"சார், வேணு சாருக்கு ஒடம்பு எப்டி கீது?" என்றார்.

வேணு பனியையே பார்த்ததில்லை. ஆனால் அவருடைய இமயமலை நாவலைப் படித்தவர்கள் போர்வை தேடினார்கள். நான் நூலகத்தில் தவம் கிடந்து, மலையின் உயரம் முதல் காற்றின் திசை வரை திரட்டி எழுதியவன். படித்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். இதையெல்லாம் எங்கிருந்து பிடிக்கிறீர்கள் என்று அவரிடம் ஆத்திரத்தோடு கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பல்லாவரம் கல்குவாரிக்குக் கூட்டிப்போனார். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பாறையில் ஏறினார். பாதியில் மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. "முட்டியைப் பாருங்க சார், எப்படி ஆடுது!" என்று அங்கிருந்தே கத்தினார். கல்லுடைக்கிறவர்கள் வந்துதான் இறக்கினார்கள். ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டவே என் கையைப் பிடித்துக்கொள்கிற மனிதர் அவர். திரும்பும்போது சொன்னார்: "பல்லாவரத்துல நடுங்கற முட்டிதான் சார் இமயமலையிலயும் நடுங்கும். தைரியசாலிக்கு சாகசக் கதை எழுத வராது." பயத்தில்கூட எனக்குக் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ஈர்க்குச்சியாக இளைத்திருந்தார். "பேச முடியலை சார். நீங்க ஒரு கதை சொல்லுங்க" என்றார். கோவளம் பக்கம் புயலில் மருந்துப் பெட்டியோடு படகில் கிளம்பும் ஒருவனைப் பற்றி, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். படகில் ஓட்டை விழுந்தது. நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று என்னை வெளியே அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டு வாசலில் மாலையோடு நின்றேன். அவர் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "அங்கிள், அந்தப் படகுல போனவன் பொழச்சானா? அப்பா அதையே கேட்டுக்கிட்டு இருந்தார். நீங்க வந்தா உடனே உள்ள அனுப்புன்னு சொன்னார்."

யாராவது ஒருவர் கேட்கமாட்டாரா என்று எத்தனை வருடம் ஏங்கினேன்! கேட்டவர் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். ஓட்டைப் படகுக்கு மேல் நான் யோசிக்கவே இல்லை.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். அதை யாருக்கும் கொடுக்கமாட்டேன். நேற்று அந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். இதையாவது அவரைவிட நன்றாக எழுதிவிட வேண்டும்.