வயிற்றுவலிக்குக் கதிரை

பள்ளிக்கூடத்து நோயறையில் வேலை செய்து பட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: பிள்ளைகளின் வயிற்றுவலி சாப்பாட்டு மணியோடு வரும், வகுப்பு மணியோடு போகும்.

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்ணின் மேற்குப் பக்கத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில் அந்த அறை என் பொறுப்பில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவள் நான். இங்கே என் சான்றிதழ்களைப் பரிசீலிக்கிறோம் என்றார்கள். அவர்கள் பரிசீலித்து முடிக்கும்வரை முழங்கால் காயங்களுக்குச் சிவப்பு மருந்து பூசிக்கொண்டிருந்தேன்.

பலித்த வைத்தியம்

ரோசா இத்தாலியிலிருந்து வந்து மூன்று மாதம். ஏழு வயது. தினமும் மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பாள். "வயிற்றுவலியா?" என்று கேட்பேன். தலையை ஆட்டுவாள். அதற்குமேல் ஒரு சொல் வராது. கதிரையில் இருத்தி, சுடுதண்ணீர்ப் பையை மடியில் வைப்பேன். மணி அடித்ததும் எழுந்து போய்விடுவாள்.

வைத்தியம் பலிக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு. பள்ளிக்கூடக் கந்தோரில் தட்டச்சு செய்யும் பெரில்தான் ஒருநாள் என் பெருமையைக் கெடுத்தாள். "மைதானத்தில பெரிய பெட்டையள் அவளின்ர சாப்பாட்டைப் பறிச்சுக் குப்பையில போடுறாளவை. கெட்ட மணம் மணக்குதாம்."

கைப்பழக்கம்

ஒருநாள் ரோசாவுக்கு உண்மையாகவே காய்ச்சல். பிள்ளை நடுங்கியது. போர்வையால் போர்த்தினேன். பிறகு என் கை தன்பாட்டில் கைப்பைக்குள் போய்த் திருநீற்றுச் சிமிழை எடுத்து, அவள் நெற்றியில் பூசிவிட்டது. எங்கள் வீட்டில் காய்ச்சலென்றால் முதல் மருந்து அதுதான். அவளின் அயல்வீட்டுப் பெண் வந்து கூட்டிப்போன பிறகுதான், வேற்று மதப் பிள்ளைக்குச் செய்த வேலை உறைத்தது. வீட்டில் சொன்னேன். "உமக்கென்ன விசரே? நாளைக்கே உம்மை வேலையால நிப்பாட்டப் போறாங்கள்" என்றார் கணவர்.

இரண்டு நாள் கழித்து ரோசாவின் தாய் நேரே என் அறைக்கு வந்தாள். அவள் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, தெரிந்த பத்து ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு கேட்டாள்: "எங்கட சேர்ச்சில பாதர் சாம்பல் பூசுறது வருசத்தில ஒருநாள்தான். நீங்கள் ஒவ்வொரு நாளும் பூசுவியளோ?"

பூட்டச் சொன்னது அறையை

என் அறையில் கதிரை கிடைக்கும் என்ற கதை பரவி, சாப்பாட்டு மணிக்கு ஏழெட்டு வயிற்றுவலிகள் வரத் தொடங்கின. கிரேக்கப் பிள்ளைகள், யூகோஸ்லாவியப் பிள்ளைகள், எல்லாம் மைதானத்துக்குப் பயந்ததுகள். அதிபர் கண்டுவிட்டார். தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே சாப்பிடுகிற மனிதர் அவர். "இந்த நோயறை வருத்தக்காரருக்கு மட்டும். திங்களிலிருந்து மத்தியானத்தில பூட்டிவிடுங்கோ" என்றார். "ஓம் சேர்" என்றேன். ரோசா இனி எங்கே போய் நிற்பாள் என்று நினைத்துக்கொண்டே அறையிலிருந்த கதிரைகளை எண்ணினேன்.

திங்கட்கிழமை அறையைப் பூட்டினேன். அதற்கு முன்பே உள்ளேயிருந்த கதிரைகளைத் தூக்கி விறாந்தை வெயிலில் போட்டிருந்தேன். நடுவில் உட்கார்ந்து என் புட்டையும் கருவாட்டுப் பொரியலையும் திறந்தேன். மணமென்றால் அதுதான் மணம். அதற்குப் பக்கத்தில் ரோசாவின் சலாமி இறைச்சி வைத்த பாண் மல்லிகைப்பூ. பெரிய பெட்டைகள் வந்தார்கள், மூக்கைப் பொத்தினார்கள், என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ரோசா முதல்தடவையாகத் தன் பாணை முழுதாகச் சாப்பிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நிமிர்ந்தால், முன்னால் அதிபர். கையில் அவருடைய சாண்ட்விச். கணவர் சொன்ன நாள் வந்துவிட்டது என்று எழுந்தேன். எனக்கு முன்பே ரோசா எழுந்து, தன் கதிரையை அவர் பக்கம் தள்ளினாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் முழுதாகப் பேசிய முதல் ஆங்கில வசனம், என் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுப் பாடமானது:

"சேர், உங்களுக்கும் வயித்துவலியா?"

அவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த பள்ளித் தவணைக்குத் தேவையான மருந்துகளின் பட்டியலில் முதல் வரியாக 'கதிரை ஆறு' என்று நான் எழுதியபோது, மறுபேச்சில்லாமல் கையெழுத்தும் வைத்தார்.