சிங்கவரத்து அம்பாசடருக்கு நான் போட்ட விலை

1. மாலை

விலை சொல்லப் போன இடத்தில் எனக்கு மாலை போட்டது அந்த ஒரு முறைதான். வண்டிக்கும் போட்டிருந்தார்கள். எனக்குச் சாமந்தி, வண்டிக்கு ரோஜா. மரியாதை யாருக்கு அதிகம் என்று எனக்கு அங்கேயே புரிந்திருக்க வேண்டும்.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் முப்பத்தைந்து வருஷமாக மெக்கானிக் ஷாப் வைத்திருக்கிறேன். இப்போது முட்டி வலி. வண்டிக்கு அடியில் படுத்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். அதனால் பழைய காருக்கு விலை சொல்வதே பாதிப் பிழைப்பு. ஓடாத காரைத் தேடிக்கொண்டு பாண்டியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஓடுகிற கார் வைத்திருப்பவனுக்கு ஓடாத கார் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்டால் கூலி போய்விடும் என்று கேட்பதில்லை.

அப்படி வந்தவர் பாண்டிச்சேரிப் பல் டாக்டர் ஒருவர். சிங்கவரத்தில் ஏழுமலை வீட்டில் ஒரு மார்க் டூ அம்பாசடர் பதினாலு வருஷமாக நிற்பதாகக் கேள்விப்பட்டு, என்னைக் கையோடு கூட்டிப் போனார்.

ஏழுமலை எனக்குத் தெரிந்த ஆள்தான். மூன்று ஏக்கரில் வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, போட்டிருந்தார். பூ விட்டு விழுது இறங்குகிற நேரத்தில் போர்வெல் மோட்டார் எரிந்துபோயிற்று. புது மோட்டார், கேபிள், பைப் எல்லாம் சேர்த்துத் தொண்ணூறாயிரம் ஆகும் என்று ஃபிட்டர் சொல்லிவிட்டான். ஒரு வாரத்துக்குள் தண்ணீர் கட்டாவிட்டால் காய் பிடிக்காது. அதனால்தான் தன் நைனா வாங்கிய காரை விற்க மனசு வந்தது.

2. கழித்தல்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடாத வண்டிக்கு விலையை மேலிருந்து கீழே போட வேண்டும். எல்லா வேலையும் முடித்து ரோட்டில் விட்டால் என்ன விலை போகும் என்று பாருங்கள். அதில் டிங்கரிங், பெயின்ட், வயரிங், சீட், டயர் எல்லாவற்றையும் கழியுங்கள். கிடைக்காத பார்ட்ஸைத் தேடி அலைவதற்குக் கழியுங்கள். கண்ணுக்குத் தெரியாததற்கு இன்னும் கொஞ்சம் கழியுங்கள். மிச்சம்தான் விலை. ஓனரிடம் கேட்டால் கீழிருந்து மேலே போடுவார். அவர் கணக்கில் அப்பா, கல்யாணம், திருப்பதி எல்லாம் ஏறும்.

கீழே குனிந்து சேஸிஸைத் தட்டினேன். கணீர் என்றது. மழை படாத ஷெட். கண்ணாடி, விளக்கு, மீட்டர் எதுவும் மாற்றவில்லை. ஆர்.சி. புக் சாமி அலமாரியிலிருந்து மஞ்சள் பொட்டோடு வந்தது. பேர் ஏற்கெனவே ஏழுமலைக்கு மாறியிருந்தது. தள்ளிப் பார்த்தால் வண்டி உருண்டது! பதினாலு வருஷம் நின்ற வண்டியில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமே?

"வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நாலு பேரா தள்ளி எலுமிச்சம்பழத்து மேல ஏத்துவோம்ணே" என்றார் ஏழுமலை.

அந்த எலுமிச்சம்பழங்களுக்காக மனசுக்குள் ஐயாயிரம் கூட்டினேன். டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்ஜின் கையால சுத்தினா ஒரு லட்சம் தாராளமா குடுக்கலாம் சார். சுத்தலன்னா அறுபதுக்கு மேல போவாதீங்க" என்றேன்.

"இன்ஜின் சுத்துற ஹேண்டில் எங்கய்யா?" என்று ஏழுமலையிடம் கேட்டேன்.

"அதுலதாண்ணே கன்னுக்குட்டி கட்டியிருக்குது."

பார்த்தேன். ஹேண்டிலை மண்ணில் அடித்து முளையாக்கி, அதில் கன்று நின்றுகொண்டிருந்தது. பிடுங்கிக் கழுவி, மாட்டிச் சுற்றினேன். அசையவில்லை. டாக்டரும் சேர்ந்து தொங்கினார். ம்ஹூம்.

3. வாடை

பிளக்கைக் கழற்றினேன். நுனியில் வெல்லப்பாகு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தால் தீபாவளி முடிந்து கழுவாமல் விட்ட வாணலியின் சிக்கு வாடை.

"ஏழுமல, உள்ள இன்னா ஊத்தின?"

"நம்ம செக்கு எண்ணெதாண்ணே."

"மல்லாட்ட எண்ணெயா?"

"கடையில விக்கிற இன்ஜின் ஆயில்ல எல்லாம் கலப்படம்ணே. இது நம்ம கொல்லையில வெளைஞ்சது. ஆயுத பூஜைக்கு ஓட்டைக்கு ஒரு கரண்டி. ஒரு வருஷம்கூட தவறல."

அவர் மனைவி பச்சையம்மாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "அதிரசம் சுட எண்ணெ இல்லாத வருஷம்கூட வண்டிக்கு ஊத்துனாருண்ணா. கேட்டா சண்டைக்கு வருவாரு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஓட்டைக்குப் பதினாலு கரண்டி எண்ணெயும் காய்ந்து பிசினாகி, பிஸ்டனை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. "எந்த முட்டாப்பய இத உங்கிட்ட சொன்னது?" என்று கத்தினேன்.

ஏழுமலை சங்கடமாக டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "நீதாண்ணே."

ஞாபகம் வந்தது. வண்டி நின்ற நாளில் வந்து பார்த்தது நான்தான். போகிற அவசரத்தில், "சும்மா நிக்கவுடாத, பிளக் ஓட்டையில எண்ணெ வுட்டு ஹேண்டில் போட்டுச் சுத்து" என்று சொல்லிவிட்டு பைக்கில் ஏறிவிட்டேன். எந்த எண்ணெய், எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எதையும் சொல்லவில்லை. அந்த மனுஷன் தன்னிடம் இருந்ததிலேயே நல்லதை ஊற்றியிருக்கிறார்.

பல் டாக்டர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், எத்தனை சொத்தை என்று எண்ணுகிறவரைப் போல. எனக்கு ரொம்ப வெட்கமாகிவிட்டது. அறுபதாயிரத்தில் மோட்டார் வராது. மூன்று ஏக்கரும் என் அவசரத்தால் காயப் போகிறது.

"சார், ஒரு லட்சமே குடுங்க. இன்ஜின நான் பிரிச்சி சுத்த வெச்சித் தரேன். பார்ட்ஸ் உங்களுது, கூலி வேணாம்" என்றேன்.

டாக்டர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "எழுதித் தருவீங்களா?" என்றார். எழுதிக் கொடுத்தேன். பணத்தை அங்கேயே ஏழுமலைக்கு போனில் அனுப்பினார்.

ஏழுமலைக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியாணே, எண்ணெ ஊத்துனது வீண்போவல" என்றார்.

4. போன்

இன்ஜினை இறக்கி ஷாப்புக்குக் கொண்டுவந்து, ஹெட்டைக் கழற்றி, தின்னரும் டீசலும் கலந்து ஊறப்போட்டேன். பலகாரக் கடை திறந்துவிட்டேனா என்று பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிசினைச் சுரண்டச் சுரண்ட, உள்ளே சிலிண்டர் சுவரில் பொட்டுத் துரு இல்லை; அந்த எண்ணெய்தான் காப்பாற்றியிருந்தது. நியாயமாக என் நாற்பதாயிரக் கழித்தலே தப்பு என்று ஆயிற்று. அதை டாக்டரிடம் மட்டும் சொன்னேன். ஏழுமலையிடம் சொன்னால் சிங்கவரத்தில் ஒரு டிராக்டர்கூடத் தப்பிக்காது.

மூன்றாம் நாள் காலை ஏழுமலையிடமிருந்து போன்.

"அண்ணே, மோட்டாரு வந்துட்டுது. இப்ப எறக்கப் போறாங்க. எறக்குறதுக்கு முன்னாடி உள்ள நல்ல தண்ணி ரொப்பணும்ங்கறான் ஃபிட்டர். எனக்கு மனசு கேக்கல. தண்ணி ஊத்தினா துரு புடிக்காதா? நம்ம எண்ணெ டின்ன எடுத்தாந்து வெச்சிருக்கேன். நீ இன்னா சொல்ற?"

தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. பதினாலு வருஷத்துக்கு முன்னாலும் அப்படி ஒரு வார்த்தையில்தான் சொன்னேன்.

"எதையும் தொடாத, நான் வரேன்" என்று போனை வைத்துவிட்டு, முட்டி வலியோடு பைக்கை உதைத்தேன். கொல்லைக்குப் போய், ஃபிட்டர் கையிலிருந்த குடத்தை வாங்கி, என் கையாலேயே மோட்டாருக்குள் தண்ணீர் ரொப்பி, மூடியைத் திருகி, அது போருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஆழம் போகிறவரைக்கும் அந்த எண்ணெய் டின்னின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.