மேஸ்திரி வேஷம் கேட்ட பெண்

எங்கள் பள்ளியில் நான் விளையாட்டு வாத்தியார். மைதானத்தில் கத்திப் பழகிய தொண்டை என்பதால் நாடகத்தையும் என் தலையில் கட்டினார்கள். எந்த நாடகம் என்று முடிவு செய்வது மட்டும் தலைமையாசிரியர்.

அந்த வருடம் அவர் கொண்டுவந்தது உப்பளக் கூலிகளின் கண்ணீர்க் கதை. எழுதியவர் எங்கள் மரக்காணம் வழியாகக் காரில் போயிருப்பார், இறங்கியிருக்க மாட்டார். முதல் காட்சியில் தாய் உப்புக் கூடையோடு விழுந்து சாகிறாள். மிச்ச நேரமெல்லாம் மகள் அதே கூடையைச் சுமந்துகொண்டு அழுகிறாள். ஆண்டு விழாவுக்கு வரும் விருந்தினருக்குப் பிடித்துவிட்டால் மாவட்டப் போட்டிக்குப் போகலாம்.

“நம்ம பசங்க நடிக்கவே வேணாம் சார். அப்படியே போய் நின்னாலே போதும்” என்றார் தலைமையாசிரியர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டவுன் பள்ளியில் ராஜா வேஷத்துக்கு வாடகைக் கிரீடம் எடுக்கிறார்கள். அந்தப் பையன் என்ன அரண்மனையிலா பிறந்தான்? எங்கள் உப்பளத்துப் பிள்ளைகள் மட்டும் வீட்டில் கிடக்கும் கந்தலைப் போட்டுக்கொண்டு வரவேண்டும். வேறு நாடகம் கேட்டேன். முடியாது என்றுவிட்டார்.

மகளாக நடிக்க ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். நாடகம் என்றால் உயிர். ஒத்திகையில் காலிக் கூடையைத் தூக்கிப் பார்த்தவள் கீழே வைத்துவிட்டாள்.

“நான் வரல சார்.”

“ஏம்மா?”

“எங்கம்மா பகல் பூரா உப்பு தூக்கிட்டு, குளிச்சி, நல்ல பொடவ கட்டிகினு பாக்க வருது. இங்கயும் நான் கூடை தூக்கறதையா பாக்கணும்?”

அடுத்த வருடம் அவளுக்குப் பத்தாம் வகுப்பு. மேடைப் பக்கமே விடமாட்டார்கள். இதை விட்டால் அவளுக்கு வேறு நாடகம் இல்லை.

“வேற எந்த வேஷம்னா செய்வே?”

“மேஸ்திரி.”

“மேஸ்திரிக்கு மீச வேணும்!” என்று ஒருவன் கத்தினான்.

“உனக்கு இருக்காடா?” என்றாள். அடங்கிவிட்டான்.

கூலியாட்களை விரட்டும் மேஸ்திரிக்குக் கதையில் நாலே வரி. அவள் ஒரு குடையும் செல்போனும் மட்டும் கேட்டாள். மீசையை மையால் வரைந்தோம். கூடை தூக்கும் மகளை வெட்டி, அந்த நேரத்தையும் மேஸ்திரிக்கே கொடுத்தேன். தலைமையாசிரியரிடம் சொல்லவில்லை.

விழாவன்று அவள் வரப்பில் நடப்பதுபோல் குடையோடு வந்து நின்றாள். போனில் பெண்டாட்டியிடம் குழைந்தாள். “வரும்போது வாங்கியாறேம்மா... ஏய், என்னா அங்க பேச்சு? கூடைய தூக்கு! ...ஐயோ, உன்ன இல்லம்மா!”

உப்பளத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் சிரிப்பில் கூரை பறந்தது. தன் அம்மாவை விரட்டும் மேஸ்திரியைத்தான் அவள் அப்படியே கொண்டுவந்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

விருந்தினர் கைதட்டினார். “நல்லா இருந்தது. ஆனா உப்பளத்து சோகம் வரல” என்றார். மாவட்டத்துக்கு எங்களை அனுப்பவில்லை. தலைமையாசிரியர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. நல்லதாகப் போயிற்று.

மேடைக்குப் பின்னால் அந்த அம்மா முந்தானையால் மகளின் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு அந்தாளப் பாத்தா எனக்கு சிரிப்பு வந்துடும்டி. வேலைக்கே வேட்டு வச்சிட்டியே!”

“சிரிம்மா. ஏன்னு கேட்டா, எம் பொண்ணு மாதிரியே இருக்கீங்கன்னு சொல்லு.”