வெள்ளைக்காரியின் கேள்வி

எழுபதுகளில் நானும் என் சிநேகிதியும் உப்புவெளிக் கடற்கரையில் ஒரு சின்ன விடுதியில் வேலை செய்தோம். வருகிறவர்களுடன் ஆங்கிலத்தில் பேசி அறை கொடுப்பது என் வேலை, குசினியில் சமையல் அவளுடையது. அன்புவழிபுரத்தில் எங்கள் வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கைகோத்தபடிதான் பஸ்ஸுக்கு நடப்போம். கடைசி பஸ் போய்விட்டால் குசினிக்கு அடுத்த அறையில் ஒரே பாயில் படுப்போம். அவள் தூங்கிய பிறகும் எனக்குத் தூக்கம் வராது. ஏன் என்று என்னையே நான் கேட்டதில்லை. ஊரும் கேட்கவில்லை. ஓர் ஆணோடு நின்று இரண்டு வார்த்தை பேசியிருந்தால்தான் வீடு அமளிப்பட்டிருக்கும்.

அந்த ஆனியில் நடுத்தர வயது வெள்ளைக்காரிகள் இருவர் வந்து தங்கினார்கள். ஒரு மாலை, வேலை முடிந்து, என் மடியில் தலை வைத்துச் சிநேகிதி மணலில் படுத்திருந்தாள். அவர்களில் மூத்தவள் எங்களருகே வந்து உட்கார்ந்தாள். தாங்கள் பல வருடங்களாகக் கணவன் மனைவி போல வாழ்வதாகவும், தங்கள் ஊர்த் தெருவில் இப்படி இருக்க முடியாதென்றும் சொன்னாள். பிறகு மெதுவாக, "நீங்களும் எங்களைப் போலத்தானா?" என்று கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள்.

"என்னவாம்?" என்றாள் சிநேகிதி.

சொன்னேன். அவள் எழுந்து பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"சீ, என்ன கதை இது? நாங்கள் அப்பிடியே?"



மறுநாளிலிருந்து அவள் எனக்குக் கை தரவில்லை. பஸ்ஸில் வேறு யாராவது பெண்ணின் பக்கத்தில் போய் இருந்தாள். பல தடவை தட்டிக் கழித்த மட்டக்களப்பு மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள். கலியாணத்தன்று அவளுக்குச் சேலை கட்டிவிட்டது நான்தான். நான் குந்தியிருந்து கொசுவம் பிடித்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வந்தபோது பார்க்கப் போனேன். குழந்தையை என்னிடம் தந்துவிட்டு, "நீங்கள் ஏன் இன்னும் கலியாணம் செய்யேல்லை?" என்றாள். அதுவரை என்னை 'நீ' என்று கூப்பிட்டவள்.

"உன்னைப் போல ஒராள் கிடைக்கேல்லை."

அவள் சட்டென்று வாசலைப் பார்த்தாள். தாய் கிணற்றடியில் நின்றார்.

"அப்பிடிக் கதையாதேங்கோ," என்றாள். குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அவள் கொண்டுவந்த தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பிறகு அவள் ஊருக்கு வரும் நாட்களில் நான் விடுதியிலேயே தங்கிக்கொண்டேன்.