லோரிப் பூசைக்கும் ரெசிட் கேட்டவர்

சேகர் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, எங்கள் செம்பனை எண்ணெய் ஆலைக்கு வெளியே லோரி வரிசையில்... ஸ்டீயரிங்கில் சாய்ந்தபடியே.

வரிசை நகர்ந்தும் அவர் லோரி நகரவில்லை. பின்னால் நின்றவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, இறங்கிப் போய்க் கதவைத் திறந்திருக்கிறார். நெஞ்சுவலியாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பகாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைப் பழம் ஏற்றி வரும் சொந்த லோரி அவருடையது. நான் ஆலையில் எடை போடும் கவுண்டரில், மாதச் சம்பளத்தில். தினமும் வம்புக்கு இழுப்பார்.

"என்னா தங்கச்சி, இந்த மாசமும் சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னயே டேக்ஸ வெட்டிட்டானுங்களா? எனக்கு அப்படி இல்லலா. டீசல், டயர், ரிப்பேர் எல்லாம் கழிச்சி மிச்சம் நிக்கிறதுக்குத்தான் டேக்ஸ். டேக்ஸ் ஃபாரம் அனுப்பக்கூட உங்கள விட ரெண்டு மாசம் கூட டைம்!"

கேட்டுக் கேட்டு எரிச்சலாக வரும். உண்மைதானே என்பதால் இன்னும் எரிச்சல்.

ஒரு ஆயுத பூசைக்கு லோரிக்கு மாலை, பூசணிக்காய், டயருக்கு எலுமிச்சை எல்லாம் வாங்கிவிட்டு, பூக்கடை அம்மாவிடம் ரெசிட் கேட்டு நின்றார். "லோரிக்குத்தானே பூசை? அப்ப மெயிண்டனன்ஸ்தான்!"

"சாமிக்குச் செய்றதுக்கு ரெசிட்டா? நல்லா இருப்ப போ!" என்று அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டார். டேக்ஸ் ஏஜெண்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் என்னிடம் புலம்பல்.

அப்புறம்தான் வீட்டு விஷயம் வந்தது...

அண்ணிக்குத் தோட்டத்து நர்சரியில் வேலை. அவர் ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும். மகள் இருக்கும் மம்பாவில் ஒரு சின்ன வீடு பார்த்து, அண்ணன் பேங்கில் லோன் கேட்டார். வரிக் கணக்கில் இருக்கும் வருமானத்துக்கு லோன் வராது என்று அனுப்பிவிட்டார்கள்.

"டேக்ஸ்காரன்கிட்ட சின்ன ஆளா நின்னேன் தங்கச்சி. பேங்க்காரன் கண்ணுக்கும் அதே சின்ன ஆளுதான் தெரியிறேன்." அன்று அவர் சிரிக்கவில்லை.

அதன்பிறகு சில்லறைச் செலவுகளைக் கழிப்பதை விட்டார். ஓட்டத்தைக் கூட்டினார். டேக்ஸ் கூடக் கூட முகத்தில் சந்தோஷம்! ஞாயிற்றுக்கிழமையும் ஓடினார். ஆள் பாதியாக இளைத்துப் போனார்.

"ஒரு நாள் ரெஸ்ட் எடுங்கண்ணே, டாக்டரப் பாருங்க" என்று எத்தனையோ முறை சொன்னேன்.

"உங்களுக்கு லீவு இருக்கு, சீக்குன்னா டாக்டர் குடுக்கிற எம்.சி. இருக்கு. நான் படுத்தா லோரியும் படுத்துக்கும். எல்லாத்தையும் கழிக்கலாம் தங்கச்சி, ஓடாத நாளக் கழிக்க முடியாதுலா."

ஒருவழியாக லோன் கிடைத்தது. போன வாரம் கவுண்டர் ஜன்னலைத் தட்டினார். "வர்ற வெள்ளிக்கிழமை சாவி குடுக்கிறாங்க! அன்னிக்கே பால் காய்ச்சறோம். லீவு போட்டுட்டு வந்துருங்க. உங்களுக்குத்தான் லீவு நாளுக்கும் சம்பளம் உண்டே!"

மத்தியானம் அண்ணிக்குப் போன் பண்ணினேன். "புது வீட்டுக்கு வாங்கின பால் சட்டி இன்னும் பெட்டியிலயே இருக்கு கண்ணு... இனிமே அந்த வீடு நமக்கு வருமா, வராதா?" என்று கேட்டார். 

நாளை வெள்ளிக்கிழமை. தோட்டத்து வீட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

ரெஸ்ட் எடுங்கண்ணே... போதும் ஓடினது.

பால் காய்ச்சப் போட்ட லீவு அப்ரூவ் ஆகிக் கிடக்கிறது. அதிலேயே வருகிறேன்.